கண்காட்சிக்குப் போலாமுங்களா டீச்சர்?



இன்றைக்குக் கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன். கையில் காபி இருந்தால் குடித்துவிட்டு வந்து படியுங்கள், ஆறிப்போகும்.

போன வாரம் ஒரு போன். 1998இல் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த பையன். திருப்பூரில் பனியன் கம்பெனியில் பதினைந்து வருடம் இருந்துவிட்டு, அப்பாவுக்கு முடியாமல் போனதால் ஊருக்கே வந்து இரண்டு ஏக்கரைக் கையில் எடுத்திருக்கிறான். "டீச்சர், ஜூலை மாசம் கோயமுத்தூர் கொடிசியாவுல விவசாயக் கண்காட்சி போடறாங்களாம். அடுத்த மாசம் ஒரு ஓட்டல்ல கருத்தரங்கு வேற. அதுக்கு ஆயிரத்து ஐநூறு ரூபா கட்டணுமாம். போலாமுங்களா? போனா பிரயோசனம் இருக்குமுங்களா? நீங்க நெறைய போயிருக்கீங்கள்ல?" என்று கேட்டான்.

"ரெண்டு நாள் டைம் குடு கண்ணு, யோசிச்சுச் சொல்றேன்" என்றேன். அவனுக்கு ஆச்சரியம். வாய்ப்பாடு கேட்ட மாதிரி பட்டென்று பதில் சொல்லுகிற டீச்சருக்கு இதற்கு எதற்கு இரண்டு நாள் என்று நினைத்திருப்பான். காரணம் இருக்கிறது. இதே மாதிரி இன்னொரு மாணவன் ஒருநாள் என்னிடம் கேட்டான். அவனுக்கு நான் பட்டென்றுதான் பதில் சொன்னேன். அந்தப் பதிலால் அவனுக்கு ஆறு வருடம் போனது.

அதை இதுவரை நான் எங்கும் எழுதியதில்லை. எங்கள் வீட்டில்கூட எல்லோருக்கும் முழுசாகத் தெரியாது. இப்போது அவனே "எழுதுங்க டீச்சர், பேரை மட்டும் போட்டுடாதீங்க" என்று சொல்லிவிட்டதால் எழுதுகிறேன்.

நான் 2016இல் ஓய்வு பெற்றேன். எங்களுக்கு உடுமலைப் பக்கம் நாலு ஏக்கர். மூன்று ஏக்கர் தென்னை, ஒரு ஏக்கர் வெறும் காடு. எங்கள் வீட்டுக்காரருக்குக் கண்காட்சி என்றால் உயிர். எங்கே பந்தல் போட்டாலும் போய்விடுவார். ஒவ்வொரு கடையிலும் நோட்டீஸ் வாங்குவார், துணிப்பை வாங்குவார், வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் திண்ணையில் பரப்பி வைத்து எனக்கு விளக்குவார். அவர் போய் நாலு வருடம் ஆகிறது. பீரோவில் அந்தத் துணிப்பைகள் பதினேழு இருக்கின்றன. ரேஷனுக்கு இன்னும் அதில் ஒன்றைத்தான் எடுத்துப் போகிறேன்.

2017இல் அவருடன் நானும் ஒரு கண்காட்சிக்குப் போனேன். எந்த ஊர், எந்தக் கம்பெனி என்பதெல்லாம் வேண்டாம். அங்கே ஒரு கடையில் மலைவேம்புக் கன்று. கடைக்குப் பின்னால் சுவர் உயரத்துக்கு ஒரு படம். ஒரு ஆள் இரண்டு கையாலும் அணைத்தாலும் எட்டாத மரம். ஆறாம் வருடம் வெட்டலாம், ஏக்கருக்கு எட்டு லட்சம், நாங்களே வந்து வெட்டி எடுத்துக்கொள்வோம், இருபது ரூபாய் பத்திரத்தில் எழுதித் தருவோம் என்றார்கள். பேசிய பையன் டை கட்டியிருந்தான், அழகாகப் பேசினான். கன்று ஒன்று 45 ரூபாய். அன்றைக்கே எழுதினால் சொட்டுநீர்க் குழாயும் சலுகை விலையில்.

பிள்ளைகளே, நான் எத்தனை பள்ளிகளின் அறிவியல் கண்காட்சிக்கு நடுவராகப் போயிருக்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும். எரிமலை செய்து வைத்திருப்பீர்கள், தண்ணீர் சுத்திகரிப்பான் செய்து வைத்திருப்பீர்கள். எல்லாம் அன்றைக்கு நன்றாக வேலை செய்யும். நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்பேன்: "இது எப்போது வேலை செய்யாது?" அதற்குப் பதில் தெரிந்த பிள்ளைக்குத்தான் முதல் பரிசு. நாற்பது வயதிலும் நீங்கள் அதைச் சொல்லிச் சிரிப்பதுண்டு. அந்தக் கேள்வியை அன்றைக்கு அந்தக் கடை முன்னால் நான் கேட்கவில்லை. ஓய்வூதியப் பலன் கைக்கு வந்த புதுசு. நாமும் ஏதாவது செய்ய வேண்டும் என்ற ஆசை. நானூறு கன்றுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தோம்.

கன்று வந்து இறங்கிய அன்று அவன் வந்தான். 1985இல் என்னிடம் நாலாம் வகுப்பு படித்தவன். எங்கள் காட்டுக்கு இரண்டு காடு தள்ளி ஒன்றரை ஏக்கர். தக்காளி, சின்ன வெங்காயம் போடுவான். விலை இருந்தால் சிரிப்பான், இல்லாவிட்டால் ரோட்டோரம் கொட்டிவிட்டு வருவான். "இது நல்லதுங்களா டீச்சர்?" என்று கேட்டான்.

நான் சொன்ன வார்த்தை இன்னும் காதில் இருக்கிறது. "எல்லாம் விசாரிச்சாச்சு கண்ணு. தைரியமா வை."

யாரிடம் விசாரித்தேன்? விற்றவனிடம் மட்டும்தான் விசாரித்தேன்.

அவன் ஒரு ஏக்கருக்கு நானூறு கன்று வாங்கினான். கன்றுக்கு 18,000, சொட்டுநீருக்கு 42,000. ஆக அறுபதாயிரம். மனைவியின் தாலிக்கொடியை பேங்கில் வைத்துத்தான் கட்டினான் என்பது எனக்கு அப்போது தெரியாது. 2019இல் ஒரு கல்யாணத்தில் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும். என்னைப் பார்த்ததும் ஓடி வந்து "டீச்சர், சாப்டீங்களா?" என்று கேட்டாள். எனக்குப் பந்தியில் உட்கார முடியவில்லை.

இன்னொரு விஷயமும் பிறகுதான் தெரிந்தது. சிறு, குறு விவசாயிகளுக்குச் சொட்டுநீர்ப் பாசனத்துக்கு நம் அரசு 100 சதவீத மானியம் தருகிறது. மற்றவர்களுக்கு 75 சதவீதம். தாலுகா ஆபீசில் சிறு, குறு விவசாயி சான்று வாங்கி, சிட்டா, அடங்கல், ஆதாரோடு விண்ணப்பித்திருந்தால் அந்த 42,000 அவன் கையிலிருந்து போயிருக்க வேண்டியதே இல்லை. கண்காட்சியில் "சலுகை விலை" என்று சொன்னார்கள். மானியம் என்று ஒன்று இருப்பதை யாரும் சொல்லவில்லை. ஏன் சொல்லப் போகிறார்கள்? அவர்கள் வேலை விற்பது. கேட்க வேண்டியது நம் வேலை.

மலைவேம்பு கெட்ட மரம் என்று நான் சொல்லவில்லை. தண்ணீரும் மண் ஆழமும் இருக்கிற இடத்தில் வேகமாக வளரும், பிளைவுட்டுக்கும் காகிதக் கூழுக்கும் போகும். எங்கள் காடு சுக்கான் பாறை. இரண்டடி தோண்டினால் கடப்பாரை தெறிக்கும். போர்த் தண்ணீர் சித்திரை, வைகாசியில் கண்ணீர் மாதிரி வரும். நானூறில் 260தான் நின்றது, அதுவும் ஒல்லியாக. 2023இல் வெட்டும் நேரம் வந்தபோது பத்திரத்தில் இருந்த போன் நம்பர் உபயோகத்தில் இல்லை. முகவரியில் போய்ப் பார்த்தால் செல்போன் கடை. கடைசியில் உள்ளூர் மர வியாபாரி வந்து அவன் காட்டுக்கு மொத்தமாக 62,000 கொடுத்தார். அதை அப்படியே பேங்கில் கட்டி நகையைத் திருப்பினான். ஆறு வருடம் ஒரு ஏக்கரில் அவன் சம்பாதித்தது, சொந்த மனைவியின் சொந்தத் தாலிக்கொடியைத்தான்.

என் நஷ்டமும் அதே அளவுதான். ஆனால் எனக்குப் பென்ஷன் வருகிறது.

வெட்டிய அன்று சாயங்காலம் அவனை வீட்டுக்குக் கூப்பிட்டேன். காபி கொடுத்துவிட்டு, "உன் நஷ்டத்துல பாதிய நான் தர்றேன்ப்பா, வாங்கிக்கோ" என்றேன். அவன் வாங்கவில்லை. கோபமும் படவில்லை. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு ஒன்று சொன்னான்: "நாலாங்கிளாஸ்ல நீங்க சொன்னதெல்லாம் சரியா இருந்துச்சுங்க டீச்சர். அதனால இதுவும் சரியாத்தான் இருக்கும்னு நெனச்சுட்டேன்."

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

சரி, அப்படியானால் கண்காட்சி, கருத்தரங்கு எல்லாம் ஏமாற்று வேலையா என்று கேட்டால், அதுவும் இல்லை. அதற்கும் அவனே சாட்சி.

பொள்ளாச்சிப் பக்கம் 2016இல் தென்னையில் சுருள் வெள்ளை ஈ வந்தது உங்களுக்கு நினைவிருக்கும். அடுத்த இரண்டு வருடத்தில் எங்கள் தோப்பிலும் ஏறிவிட்டது. ஓலைக்கு அடியில் வெள்ளை வெள்ளையாகச் சுருள். மேலே இருக்கும் ஈ ஒழுகவிடும் பசை கீழ் ஓலையில் விழுந்து, அதில் கரும்பூஞ்சை படர்ந்து, தோப்பே கரி பூசியது மாதிரி ஆனது. கடையில் சொன்ன மருந்தை ஆள் விட்டு இரண்டு முறை அடித்தோம். பணம்தான் போனது. ஈ முன்னைவிட அதிகம்.

2019இல் இந்தப் பையன்தான் வந்து, "ஆழியார் நகர் தென்னை ஆராய்ச்சி நிலையத்துல பயிற்சி போடறாங்க டீச்சர், காசு கெடையாது, வாங்க போலாம்" என்று கூப்பிட்டான். என் பேச்சைக் கேட்டுத் தாலிக்கொடியை அடகு வைத்தவன், என் தோப்புக்காக என்னை பஸ் ஏற்றிக் கூட்டிப் போனான்.

அங்கே ஒரு விஞ்ஞானி எங்கள் கையில் ஒரு ஓலைத்துண்டையும் லென்ஸையும் கொடுத்தார். "வெள்ளையா இருக்கறது உயிரோட இருக்கற ஈயோட குஞ்சு. கறுப்பா இருக்கறதப் பாருங்க. அதுக்குள்ள என்கார்சியாங்கற குட்டிக் குளவி முட்டை வெச்சிருக்கு. நீங்க மருந்தடிச்சா மொதல்ல சாகறது இந்தக் குளவிதான்" என்றார். அதற்குப் பிறகுதான் எங்கள் மரமண்டைக்கு ஏறியது. நாங்கள் காசு கொடுத்து எங்கள் காவல்காரனைக் கொன்றுகொண்டிருந்தோம்.

அவர் சொன்னது எல்லாம் செலவில்லாதவை. மருந்தை நிறுத்துங்கள். மஞ்சள் தாளில் விளக்கெண்ணெய் தடவி ஆறடி உயரத்தில் மரத்தில் கட்டுங்கள், ஈ வந்து ஒட்டும். ஓலையின் அடியில் படும்படி தண்ணீரை வேகமாகப் பீய்ச்சுங்கள். கரும்பூஞ்சைக்கு லிட்டருக்கு 25 கிராம் மைதாவைப் பசையாகக் காய்ச்சிக் கரைத்துத் தெளியுங்கள், காய்ந்ததும் பொருக்கு பொருக்காக உதிரும். கறுப்புக் கூடு இருக்கும் ஓலைத்துண்டை எடுத்துப் போய் உங்கள் மரத்தில் குத்தி வையுங்கள். தோப்புக்குள் கல்வாழை வையுங்கள், குளவி அதில் பெருகும்.

டீ குடிக்கும்போது ஆனைமலைக்காரர் ஒருவர், எங்கள் வீட்டுக்காரர் வயது, "நீங்க மட்டும் மருந்த நிறுத்தினா பத்தாதுங்க. பக்கத்துக் காட்டுக்காரரையும் நிறுத்தச் சொல்லோணும். நாங்க பதினோரு பேரு சேந்து நிறுத்துனோம்" என்றார். அன்றைய பயிற்சியில் எனக்குக் கிடைத்ததில் பாதி அந்த டீ நேரத்தில் கிடைத்தது. ஊருக்கு வந்து அக்கம்பக்கம் ஏழு தோப்புக்காரர்களிடம் பேசினோம். ஐந்து பேர் கேட்டார்கள். ஈ இன்றும் இருக்கிறது. ஆனால் புது ஓலை பச்சையாக வருகிறது, காயும் தேறிவிட்டது.

இரண்டு பயணத்துக்கும் என்ன வித்தியாசம் என்று பல நாள் யோசித்தேன். முதல் முறை நாங்கள் கையில் பணத்தோடு போனோம், கேள்வி இல்லை. இரண்டாம் முறை கையில் பணம் இல்லை, தோப்பே ஒரு கேள்வியாக இருந்தது. ஆசிரியர் பயிற்சியில் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்த முதல் பாடம், பாடக்குறிப்பு எழுதாமல் வகுப்புக்குள் நுழையாதே என்பது. வகுப்புக்குப் பொருந்துவது கண்காட்சிக்கும் பொருந்தும்.

என்னோடு பயிற்சிப் பள்ளியில் படித்த தோழி ஒருத்தி திருத்துறைப்பூண்டிக்காரி. அவள் அடிக்கடி ஆதிரெங்கம் நெல் திருவிழாவைப் பற்றிச் சொல்லுவாள். 2018இல் மறைந்த நெல் ஜெயராமன் நடத்தியது. அங்கே போகிற விவசாயிக்குப் பாரம்பரிய நெல் விதை இரண்டு கிலோ கொடுப்பார்கள். விலை கிடையாது. அடுத்த வருடம் நாலு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும், அவ்வளவுதான். யோசித்துப் பாருங்கள். வாங்கியவன் அதை விதைத்தே ஆக வேண்டும், விளைவித்தே ஆக வேண்டும், அடுத்த வருடம் அதே இடத்தில் வந்து நின்றே ஆக வேண்டும். கொடுத்தவர்களும் அங்கேயே இருப்பார்கள். நான் பார்த்த மலைவேம்புக் கடைக்கும் இதற்கும் உள்ள தூரத்தை அளந்தாலே போதும், எந்தக் கூட்டத்துக்குப் போகலாம் என்பது புரிந்துவிடும். அடுத்த வருடமும் உங்கள் கண்ணில் படப்போகிறவர்கள் நடத்தும் கூட்டமா என்று பாருங்கள்.

இனி அந்தத் திருப்பூர்ப் பையனுக்கு என் பதில். மற்றவர்களும் குறித்துக்கொள்ளலாம்.

1. போ கண்ணு. கண்டிப்பாகப் போ. ஆனால் போகும் முன் உன் காட்டில் இன்றைக்கு உன்னைத் தூங்கவிடாத ஒரே ஒரு பிரச்சினையை நோட்டில் எழுது. அந்த ஒன்றை மட்டும் பத்துக் கடையில் கேள். பத்துப் பதிலையும் எழுது. இரண்டு பேர் "எங்க பொருள் உங்க மண்ணுக்கு ஒத்து வராதுங்க" என்று சொன்னால் அவர்கள் நம்பரை வாங்கிக்கொள். அவர்கள்தான் நாணயமானவர்கள்.

2. அன்றைக்கு எதுவும் வாங்காதே, முன்பணம் கொடுக்காதே. "இன்னிக்கு மட்டும் சலுகை" என்றால் நாளைக்கும் இருக்கும். பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் காசு போதும். ஏடிஎம் கார்டை மனைவியிடம் கொடுத்துவிட்டுப் போ. போனில் பணம் அனுப்பும் வசதி இருக்கிறதே என்பாய். அதற்கு நான் என்ன செய்ய, மனதைத்தான் கட்ட வேண்டும்.

3. மெஷினோ கன்றோ பிடித்துப்போனால், நம் தாலுகாவில் அதை வாங்கி இரண்டு வருடம் ஆன மூன்று பேர் முகவரி கேள். தந்தால் நேரில் போய்ப் பார். எங்கள் வீட்டுக்காரர் தென்னை மட்டையைத் தூளாக்கும் மெஷினைக் கண்காட்சியில் பார்த்துவிட்டு அப்படித்தான் விசாரித்துப் போனார். பக்கத்து ஊரில் வைத்திருந்தவர் "எதுக்குங்க வாங்கறீங்க, வருசத்துல நாலு நாள் வேலை, என்னுதையே வாடகைக்கு எடுத்துக்குங்க" என்றார். இன்றுவரை வாடகைதான். அந்தக் கண்காட்சிக்குப் போன செலவு அந்த ஒரு வார்த்தையில் வந்துவிட்டது.

4. மானியம் இருக்கிறதா என்று முதலில் உழவன் செயலியிலும் வேளாண்மை விரிவாக்க மையத்திலும் பார். வாங்கிவிட்டு அப்புறம் போய் நின்றால் கிடைக்காது. முதலில் விண்ணப்பம், அப்புறம்தான் பொருள்.

5. ஓட்டல் கருத்தரங்குக்கு ஆயிரத்து ஐநூறு கட்டும் முன், அதே விஷயத்தை வேளாண் அறிவியல் நிலையத்தில் இலவசமாகச் சொல்லித் தருகிறார்களா என்று ஒரு போன் போடு. 1974இல் நாட்டிலேயே முதல் நிலையம் புதுச்சேரியில் தொடங்கியது. இப்போது நாடு முழுக்க எழுநூறுக்கு மேல் இருக்கின்றன. நம்மில் பாதிப் பேர் வாசலைக்கூட மிதித்ததில்லை. அட்மா திட்டத்தில் கண்டுணர்வுச் சுற்றுலாவும் கூட்டிப் போகிறார்கள், கேட்டுப் பார்.

6. மேடைப் பேச்சு முடிந்ததும் ஓடி வராதே. டீ வரிசையில் நில். உன்னைப் போலக் காலில் செம்மண்ணோடு வந்தவர் பக்கத்தில் போய் "உங்க காட்டுல என்னங்க போட்டிருக்கீங்க?" என்று கேள்.

பெண்பிள்ளைகளுக்குத் தனியாக ஒன்று. அவர் போன பிறகு நான் தனியாகக் கண்காட்சிக்குப் போனால் கடைக்காரர்கள் என் பின்னால் எட்டிப் பார்த்து "சார் வரலீங்களா?" என்பார்கள். நிலம் என் பேரில், பட்டா என் பேரில். நீங்கள் தைரியமாகப் போங்கள். "நான்தான் சார், சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு நோட்டைத் திறங்கள். அதற்கப்புறம் ஒழுங்காகப் பேசுவார்கள்.

கடைசியாக ஒன்று. போய் வந்து ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். நல்லது நடந்தால் ஊரெல்லாம் சொல்லுகிறோம். நஷ்டம் வந்தால் காட்டு வேலிக்குள்ளேயே புதைத்துவிடுகிறோம். 2018லேயே என் கன்றுகள் காய ஆரம்பித்துவிட்டன. அன்றைக்கே நான் வெளியில் சொல்லியிருந்தால், அவன் அடுத்த வருடமே அதைப் பிடுங்கிவிட்டு வெங்காயம் போட்டிருப்பான். "டீச்சர் சொன்னது தப்பாப் போச்சு" என்று ஊர் பேசுமே என்று ஐந்து வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். என் தவறு அவனை வாங்கச் சொன்னதோடு முடியவில்லை. அதற்குப் பிறகு பேசாமல் இருந்ததுதான் பெரிய தவறு. அதற்காக எல்லோர் முன்னாலும் அவனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். இதை அவன் படிப்பான். படித்துவிட்டு "எதுக்குங்க டீச்சர் இதெல்லாம்" என்று போன் செய்வான். செய்யட்டும்.

ஜூலை கண்காட்சிக்கு நானும் அவனும் போகிறோம். வெள்ளிக்கிழமை காலை, கூட்டம் குறைவாக இருக்கும். என் நோட்டில் ஒரு கேள்வி, அவன் நோட்டில் ஒரு கேள்வி. திருப்பூர்க்காரனும் வருவதாகச் சொல்லிவிட்டான். உடுமலை பஸ் ஸ்டாண்டில் காலை ஆறரைக்கு நிற்போம். வருகிறவர்கள் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், தக்காளிச் சாதமும் தயிர்ச் சாதமும் எத்தனை பேருக்குக் கட்ட வேண்டும் என்று எனக்குத் தெரிய வேண்டும்.

நோட்டு இல்லாமல் வருகிறவர்களுக்குச் சாப்பாடு கிடையாது.

அன்புடன்,
உங்கள் டீச்சர்